விடைப்பக்கம் இல்லாத கணக்கு

நுழையும்முன்

கணக்கு என்றவுடன் ஒரே ஒரு விடையும், அவ்விடையைத் தரும் ஒரு வாய்பாடும் நம் நினைவுக்கு வருகின்றன. விடை சரியா என்று ஐயம் எழுந்தால் நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறோம். ஆனால், விடைப்பக்கமே இல்லாத கணக்குகளும் உலகில் உள்ளன. அத்தகைய கணக்குகளை மட்டுமே கொடுத்து மாணவர்களுக்கு நடத்தப்படும் போட்டிகளைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

அம்மா கேட்ட வினா

புது தில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் தமிழ்நாடு விரைவுத் தொடர்வண்டி, ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவை ஏறத்தாழ 33 மணி நேரத்தில் கடக்கிறது. அதன் சராசரி வேகம் என்ன? ஆறாம் வகுப்பு மாணவரும் இதற்கு விடை கூறிவிடுவார். தொலைவை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 66 கிலோமீட்டர். விடை எழுதியாயிற்று, மதிப்பெண்ணும் பெற்றாயிற்று.

அதே வண்டியில் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நாளன்று, வீட்டில் அம்மா வேறொரு வினாவைக் கேட்பார். "வழிக்கு எவ்வளவு தண்ணீர் எடுத்துக்கொள்வது?"

இவ்வினாவுக்கு எந்த நூலிலும் வாய்பாடு இல்லை. வேண்டிய எண்கள்கூட வினாவில் இல்லை. பயணம் செய்வோர் எத்தனை பேர்? மாதம் மேயா, திசம்பரா? குளிரூட்டப்பட்ட பெட்டியா, சன்னல் திறந்த பெட்டியா? வண்டி எங்கெங்கே நிற்கும்? காலந்தாழ்ந்தால் என்ன செய்வது? உடன் வரும் தம்பிக்கு மூன்று வயதுதான் என்றால் கணக்கு மாறுமா? இவ்வாறு நாமே வினாக்களை எழுப்பி, நாமே எண்களைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறையாது. ஆனால் நடுவழியில் நா வறளும்.

முயன்று பார்ப்போம். நால்வர் செல்கின்றனர் என்க. வண்டி இரவில் புறப்பட்டு, மறுநாள் பகல் முழுவதும் ஓடி, அதற்கடுத்த நாள் காலையில் சென்னையை அடைகிறது. இரண்டு இரவுகளிலும் சேர்த்து 16 மணி நேரம் உறங்கினால், விழித்திருக்கும் நேரம் 17 மணி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒருவர் 150 மில்லிலிட்டர் நீர் அருந்துவார் என்றும், உறக்கத்தில் அருந்தமாட்டார் என்றும் கொள்வோம். நான்கையும் பதினேழையும் 0.15ஐயும் பெருக்கினால் 10.2 லிட்டர் வருகிறது.

இந்த விடையை அப்பாவிடம் கூறினால் அவர் சிரிப்பார். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. பத்துக் கிலோ நீரை யார் சுமப்பது? மேலும், போபாலிலும் நாக்பூரிலும் விசயவாடாவிலும் வண்டி நிற்கிறதே; அங்கெல்லாம் நீர் வாங்கலாமே! ஆகவே நாம் தேடவேண்டியது மொத்த நீரின் அளவு அன்று. நீர் கிடைக்கும் இரண்டு நிலையங்களுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி எதுவோ, அந்த இடைவெளிக்குத் தேவையான நீரே நம் கையில் இருக்கவேண்டும். அவ்விடைவெளி ஆறு மணி நேரம் எனக் கொண்டால் தேவை 3.6 லிட்டர். வண்டி வழியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால் 4.8 லிட்டர். அது மே மாத நண்பகலாகவும் பெட்டி குளிரூட்டப்படாததாகவும் இருந்தால், ஒருவர் மணிக்கு 250 மில்லிலிட்டர்கூட அருந்தக்கூடும். அப்போது தேவை 8 லிட்டராக உயர்கிறது.

கவனித்தீர்களா? ஒரே வினாவுக்கு 10.2, 3.6, 4.8, 8 என நான்கு விடைகள் கிடைத்துள்ளன. இவற்றுள் எதுவும் பெருக்கலில் பிழையானதன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு எடுகோளின் மேல் நிற்கிறது. முதல் விடைக்கும் இரண்டாம் விடைக்கும் இடையில் நாம் கணக்கை மாற்றவில்லை, வினாவையே மாற்றினோம். மூன்றாம் விடைக்கும் நான்காம் விடைக்கும் இடையிலோ, வெயில் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைக் கண்டுகொண்டோம். இனி அம்மாவிடம், "குளிரூட்டப்பட்ட பெட்டி என்றால் ஐந்து லிட்டர் போதும், இல்லையென்றால் எட்டு லிட்டர் வேண்டும்" என்று காரணத்தோடு கூற இயலும்.

மாதிரி என்பது யாது?

நாம் மேலே செய்ததற்குக் கணித மாதிரியாக்கம் என்று பெயர். உலகில் காணும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அதில் முதன்மையானவற்றை மட்டும் வைத்து, மற்றவற்றை விலக்கி, எஞ்சியதைக் கணித மொழியில் எழுதுவதே மாதிரியாக்கம். இந்திய வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருமுனையிலுள்ள வேப்பமரம் அதில் இல்லை. அதனால் வரைபடம் பொய்யாகிவிடுமா? வேண்டாதவற்றை விட்டுவிட்டதனால்தான் அது சட்டைப்பைக்குள் அடங்குகிறது. ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில்தான் வரைந்தவரின் அறிவு வெளிப்படுகிறது. ஆற்றை விட்டுவிட்டால், வரைபடத்தை நம்பி நடப்பவர் கரையில் நின்று திகைப்பார்.

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணித நூல்களின் பின்னிணைப்பில் மாதிரியாக்கம் பற்றிய பகுதி இடம்பெற்றது. பின்னிணைப்பு என்பதாலேயே அதைப் பலர் புரட்டிப் பார்த்ததில்லை. தேர்வுக்கு வருவதை மட்டும் படிக்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. இது மாணவர்களின் குற்றம் மட்டுமன்று.

ஒரு போட்டி பிறந்த கதை

அமெரிக்காவிலும் கனடாவிலும் பட்டப்படிப்பு மாணவர்களுக்காக 1938 முதல் பட்னம் கணிதப் போட்டி நடைபெற்று வருகிறது. ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டு கணக்குகள். நூல் கூடாது, கருவி கூடாது, அருகில் இருப்பவரோடு பேசவும் கூடாது. மொத்த மதிப்பெண் 120. கணிதத்தில் ஆர்வம் மிகுந்தவர்களே எழுதும் இப்போட்டியில், நடுமதிப்பெண் பல ஆண்டுகளில் 0 அல்லது 1 என்றே அமைந்திருக்கிறது. அதாவது, எழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரு மதிப்பெண்ணைக்கூடத் தாண்டவில்லை. கணிதத்தின் உச்சியைத் தொடுவோரைக் கண்டறிய இது சிறந்த வழிதான். மற்றவர்கள் என்ன கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் என்பது வேறு வினா.

மேரிலாண்டில் பணியாற்றிய கணிதப் பேராசிரியர் பென் ஃபுசாரோ, பயன்முறைக் கணிதத்துக்கென வேறு வகையான போட்டி ஒன்று வேண்டும் என்று எண்ணினார். அவருடைய முயற்சியால், கோமேப் என்னும் அமைப்பின் வாயிலாக 1985ஆம் ஆண்டு எம்.சி.எம். எனப்படும் கணித மாதிரியாக்கப் போட்டி தொடங்கியது. அதன் விதிகள் பட்னம் போட்டியின் விதிகளுக்கு நேர்மாறானவை. ஒருவர் தனித்து எழுதுவதில்லை. மூவர் வரை சேர்ந்து ஓர் அணியாக எழுதுவர். தொடக்கத்தில் ஒரு வார இறுதிக்குள் முடிந்த போட்டி, இப்போது நான்கு நாள்கள் நீள்கிறது. நூலகத்துக்குச் செல்லலாம், கணினியைப் பயன்படுத்தலாம், எந்த நூலையும் படிக்கலாம். அணிக்கு வெளியே உள்ள எவரிடமும் உதவி கேட்பது மட்டும் கூடாது. வழிகாட்டும் ஆசிரியர்கூட அந்நாள்களில் வாய் திறக்கக்கூடாது.

முடிவில் அளிக்கவேண்டியது விடை அன்று, ஓர் அறிக்கை. என்ன எடுகோள்களைக் கொண்டோம், ஏன் கொண்டோம், எவ்வாறு கணக்கிட்டோம், எங்கே நம் மாதிரி தவறக்கூடும் என்று அனைத்தையும் அதில் எழுதவேண்டும். அறிக்கையின் முகப்பில் ஒரு பக்கச் சுருக்கம் இருக்கவேண்டும். விதிகளுக்கு உட்பட்டு முழுமையான அறிக்கை அளித்த அணிக்கு, வேறு சிறப்பிடம் கிடைக்காவிட்டாலும், 'வெற்றிகரமாகப் பங்கேற்றோர்' என்ற தகுதி வழங்கப்படும். இப்பெயரை முதன்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாள்கள் உழைத்து முழு அறிக்கை எழுதிய மூவருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று பின்னரே தோன்றியது.

இன்று இப்போட்டியிலும் இதன் உடன்போட்டியிலும் ஓராண்டில் 20,000க்கும் மேற்பட்ட அணிகள் பங்கேற்ற ஆண்டுகள் உண்டு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சீனாவைச் சேர்ந்தவை. சீனா 1992 முதல் தன் நாட்டு மாணவர்களுக்கெனத் தனிப் போட்டியும் நடத்தி வருகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான எச்.ஐ.எம்.சி.எம். போட்டி 1999ஆம் ஆண்டிலும், பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் நால்வர் வரை அணியாகச் சேர்ந்து எழுதும் பன்னாட்டு மாதிரியாக்கப் போட்டி 2015ஆம் ஆண்டிலும் தொடங்கின.

வெந்நீர்த் தொட்டியும் இரண்டு வாளி நீரும்

இப்போட்டியில் எத்தகைய வினாக்கள் கேட்கப்படுகின்றன? மரத்தின் இலைகள் ஏன் பல வடிவங்களில் உள்ளன, சாலைச் சந்திப்பிலுள்ள வட்டத்தில் வண்டிகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, கேக் வேகும் தட்டின் ஓரங்கள் கருகாமல் இருக்க அதை எவ்வடிவில் செய்வது என்றெல்லாம் வினாக்கள் வந்துள்ளன. 2016ஆம் ஆண்டு வினா ஒன்றை மட்டும் சற்று விரிவாகக் காண்போம்.

ஒருவர் தொட்டியில் வெந்நீரை நிரப்பி அதில் அமர்ந்து குளிக்கிறார். நேரம் செல்லச் செல்ல நீர் குளிர்கிறது. அவர் குழாயைச் சிறிது திறந்து, வெந்நீரைக் கோடாக ஒழுகவிடுகிறார். தொட்டி நிரம்பிவிட்டதால், மிகுதியான நீர் மேற்புறத்திலுள்ள வழிந்தோடும் துளை வழியாக வெளியேறுகிறது. தொட்டி முழுவதும் நீர் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். நீரும் மிகுதியாக வீணாகக்கூடாது. அவர் என்ன செய்யவேண்டும்? இதுவே வினா.

முதலில் எளிய மாதிரி ஒன்றை அமைப்போம். தொட்டியில் 200 லிட்டர் நீர், 40 பாகை செல்சியசில் இருப்பதாகக் கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் அது குளிர்கிறது. குழாயில் வரும் வெந்நீர் 60 பாகை. ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தை ஒரு பங்கு என்போம். பத்து நிமிடத்தில் தொட்டி இழப்பது 200 பங்கு. குழாயிலிருந்து வரும் ஒவ்வொரு லிட்டரும் 60 பாகையிலிருந்து 40 பாகைக்கு இறங்கும்போது 20 பங்கு தருகிறது. ஆகவே பத்து நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வேண்டும். அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர். அரை மணி நேரம் குளித்தால் 30 லிட்டர் நீர் வழிந்து ஓடிவிடும். நம் வீட்டுப் பதினைந்து லிட்டர் வாளியில் அது இரண்டு வாளி. தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்து குடம் நிரப்பும் தெருக்களில் வாழ்வோருக்கு இரண்டு வாளியின் அருமை தெரியும்.

கணக்கு முடிந்துவிட்டதா? இங்கேதான் தொடங்குகிறது. குழாயிலிருந்து விழும் வெந்நீர் அந்த நொடியே தொட்டி முழுவதும் கலந்துவிடுகிறது என்று நாம் சொல்லாமலே ஓர் எடுகோளைக் கொண்டுவிட்டோம். உண்மையில் அவ்வாறு நிகழாது. வெந்நீர் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அது மேலே மிதக்க முயலும். வழிந்தோடும் துளையும் மேலேதான் இருக்கிறது. காசு கொடுத்துச் சூடாக்கிய நீர், குளிப்பவரின் காலைத் தொடாமலே துளை வழியாகச் சென்றுவிடக்கூடும்! அவர் கையால் நீரை அளைந்துகொண்டே இருந்தால் நிலைமை மாறுமா? தொட்டி நீளமாக இருந்தால்? நுரை தரும் பொருளை நீரில் கலந்தால், அந்நுரை போர்வைபோல் மூடி ஆவியாதலைக் குறைக்குமா? இவற்றையும் ஆராயுமாறு வினாவிலேயே கேட்டிருந்தார்கள்.

மற்றொன்றும் கேட்டிருந்தார்கள். தொட்டியைப் பயன்படுத்தும் பொதுமக்களுக்கு, கணிதக் குறியீடுகள் எவையும் இன்றி, ஒரே பக்கத்தில் விளக்கம் எழுதவேண்டும். தொட்டி நீரை முழுவதும் ஒரே சூட்டில் வைத்திருப்பது ஏன் இத்துணை அரிது என்பதை அதில் கூறவேண்டும். மூன்று நாள்கள் சமன்பாடுகளோடு போராடிய மாணவர்கள், நான்காம் நாள் இந்த ஒரு பக்கத்தின் முன் தடுமாறுவது இயல்பே.

கற்கக் கற்றல்

இப்போட்டியின் பயன் எதில் உள்ளது என்று என்னைக் கேட்டால், முதல் நாள் இரவில் உள்ளது என்பேன். வினாவைப் படித்து முடித்ததும் அணியிலுள்ள மூவருக்கும் ஓர் உண்மை தெரிகிறது. இதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் இல்லை. ஆவியாதல் எவ்விதிப்படி நிகழ்கிறது என்று கணித வகுப்பில் கற்பிக்கவில்லை. மனித உடல் நீருக்கு வெப்பத்தைத் தருகிறதா, நீரிலிருந்து பெறுகிறதா என்று எவரும் கேட்டதில்லை. ஆசிரியரிடமும் கேட்க முடியாது. எஞ்சியிருப்பது ஒரே வழி, தேடிப் படிக்கவேண்டும். எந்த நூலைத் தேடுவது, அதில் எந்த இயலைப் படிப்பது, எதைப் படிக்காமல் விடுவது, படித்தது நம் சிக்கலுக்குப் பொருந்துமா என்று எப்படி அறிவது? தேர்வுக்குப் படிக்கும்போது இவற்றையெல்லாம் வேறொருவர் நமக்காக முடிவு செய்துவிடுகிறார். இங்கே நாமே முடிவு செய்யவேண்டும்.

வாழ்நாள் முழுவதும் கற்பது என்று பெரியோர் கூறுவதன் பொருள் இதுவே. பள்ளியை விட்டு நீங்கிய பின் நமக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தருவோர் இலர். தேவை எழும்போது, அத்தேவைக்கு உரியதைத் தாமே கண்டு கற்பவர்களே கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெளிநாட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. உங்கள் பெற்றோர் பணியின் பொருட்டு இந்நகருக்கு வந்தபோது, இந்தியோ மராத்தியோ வங்காளமோ அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பாடநூலை வாங்கி, முதல் எழுத்திலிருந்து தொடங்கவும் அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. காய்கறிக் கடையில் எண்களைக் கற்றார்கள், பேருந்தில் ஊர்ப்பெயர்களைக் கற்றார்கள், தவறாகப் பேசினார்கள், எதிரே நின்றவர் சிரித்ததிலிருந்து தவறு எது என்று அறிந்து, மறுநாள் திருத்திப் பேசினார்கள். ஒரு கருதுகோளைக் கொள்வது, அதைச் செயலில் சோதிப்பது, பிழையைக் கண்டு திருத்துவது. மாதிரியாக்கத்தின் படிகளும் இவையே அல்லவா? இன்று மாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதன்முதலில் கற்ற சொல் எது, அதை எங்கே தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதைச் சுவையாகக் கூறுவார்கள்.

பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவு இப்போட்டியில் கிடைக்கும் மற்றொரு பேறு. நம் மாதிரியின் குறைகள் யாவை என்று அறிக்கையில் நாமே எழுதவேண்டும். தேர்வுத்தாளில், 'இவ்விடை தவறாக இருக்கக்கூடும்' என்று எழுத எவருக்கு மனம் வரும்? இங்கோ அதை நேர்மையாகவும் தெளிவாகவும் எழுதாத அறிக்கை மதிப்பிழக்கிறது. 150 மில்லிலிட்டரை 250 ஆக்கினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று தொடர்வண்டிக் கணக்கில் பார்த்தோம் அல்லவா? அதுபோல், ஒவ்வோர் எடுகோளையும் சற்று அசைத்துப் பார்த்து, விடை எங்கே ஆட்டம் காண்கிறது என்பதைக் காட்டவேண்டும்.

போட்டி முடிந்த பின்னரும் கற்றல் முடிவதில்லை. சிறந்த அறிக்கைகள் கோமேப் அமைப்பின் இதழில் வெளியிடப்படுகின்றன. நடுவர்களின் கருத்துரைகளும் வெளிவருகின்றன. தாம் நான்கு நாள்கள் உழன்ற அதே சிக்கலை, வேறொரு நாட்டில் மூவர் எவ்வழியில் அணுகினார்கள் என்று படிக்கும்போது ஏற்படும் வியப்புக்கு ஈடில்லை. "இது நமக்குத் தோன்றவில்லையே!" என்ற ஏக்கமும் கூடவே வரும்.

குறையும் உண்டு

இப்போட்டிகளில் குறையே இல்லை என்று கூறுவது, குறைகளை எழுதாத அறிக்கையைப் போன்றதாகிவிடும். சான்றிதழுக்காக மட்டும் சேர்வோர் உள்ளனர். முந்தைய ஆண்டு அறிக்கைகளைப் பார்த்து, அதே அமைப்பில் புதிய எண்களை நிரப்பித் தருவோரும் உள்ளனர். எளிய பெருக்கலால் முடியும் இடத்தில், கடினமான வாய்பாடு ஒன்றைப் புகுத்தினால் நடுவர் மயங்குவார் என்று சிலர் எண்ணுகின்றனர். பணமும் கணினியும் ஆங்கிலப் புலமையும் உடைய பள்ளிகளுக்கு இயல்பாகவே முன்னிடம் கிடைக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. நான்கு நாள்கள் ஒரு போட்டியில் கலந்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் கற்பவராக மாறிவிடுவார் என்று எவரும் உறுதி கூறவும் முடியாது.

ஆயினும், போட்டியில் சேர்ந்தால்தான் இவ்வகைக் கணக்கைச் செய்யலாம் என்பதில்லை. நால்வரும் ஒரு குறிப்பேடும் ஒரு நல்ல வினாவும் போதும். உங்கள் பள்ளி மிதிவண்டி நிறுத்தத்தில் நின்று பார்த்தாலே வினாக்கள் கிடைக்கும்.

பாட்டிக்கு ஒரு பக்கம்

இப்பாடம் தமிழ்ப் பயிற்சி நூலில் ஏன் இடம்பெற்றது என்று உங்களுள் சிலர் எண்ணியிருக்கலாம். வெந்நீர்த் தொட்டி வினாவின் இறுதிப் பகுதியை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்களுக்குப் புரியும் ஒரு பக்க விளக்கம்!

நீங்கள் கணக்கை ஆங்கிலத்தில் கற்கிறீர்கள். நண்பர்களோடு இந்நகரின் மொழியில் பேசுகிறீர்கள். தமிழ் வீட்டுக்குள் வழங்குகிறது. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போது வழங்குகிறது. "சாப்பிட்டாயா? எப்போது வருகிறாய்?" என்பதோடு அப்பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை, வழிக்கு எட்டு லிட்டர் நீர் ஏன் வேண்டும் என்று பாட்டிக்குத் தமிழில் விளக்க முயலுங்கள். 'அசம்ப்ஷன்' என்று கூறினால் அவருக்கு விளங்காது. 'அப்படி வைத்துக்கொள்வோம்' என்றால் உடனே விளங்கும். அவர் குறுக்கிட்டு, "நாக்பூரில் ஆரஞ்சு வாங்கித் தின்றால் தாகம் எடுக்காதே?" என்று கேட்கவும் கூடும். அது உங்கள் மாதிரியில் இடம்பெறாத ஓர் எடுகோள், குறித்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

எடுகோள் – ஆராய்ச்சியின் தொடக்கத்தில் உண்மை எனக் கொள்ளும் கருத்து
ஐயம் – சந்தேகம்
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு
நடுமதிப்பெண் – மதிப்பெண்களை ஏறுவரிசையில் வைத்தால் நடுவில் அமைவது
அளைதல் – கையால் கலக்குதல்
உழலுதல் – துன்புற்று அலைதல்
பேறு – பெறத்தக்க நன்மை

தெரிந்துகொள்வோம்

தண்மை + நீர் = தண்ணீர்; வெம்மை + நீர் = வெந்நீர். தண்மை என்பது குளிர்ச்சி. வெம்மை என்பது சூடு. எனவே தண்ணீர் என்ற சொல்லுக்குக் குளிர்ந்த நீர் என்பதே முதற்பொருள். நாளடைவில் அச்சொல் எல்லா நீருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதனால்தான் பேச்சுவழக்கில் 'சுடுதண்ணீர்' என்கிறோம். சொல்லின் பகுதிகளை நோக்கினால் அது 'சுடுகின்ற குளிர்ந்த நீர்' என்றாகிறது!

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. அம்மா கேட்ட வினா, சராசரி வேகம் பற்றிய வினாவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. 10.2 லிட்டர் என்ற விடையை 3.6 லிட்டராக மாற்றியது எது?
3. வரைபடத்தில் ஆற்றை விட்டுவிட்டால் என்ன நேரும் என்று பாடம் கூறுகிறது?
4. வெந்நீர், குளிப்பவரைத் தொடாமலே வெளியேறக்கூடும் என்பதற்குக் காரணம் யாது?

ஆ. பத்துத் தொடர்களில் விடை எழுதுக.

1. பட்னம் போட்டியின் விதிகளையும் எம்.சி.எம். போட்டியின் விதிகளையும் ஒப்பிட்டு, உங்களுக்கு எது ஏற்றது என்று காரணத்துடன் எழுதுக.
2. 'பிழையை எழுதாத அறிக்கை மதிப்பிழக்கிறது.' இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் பள்ளி அனுபவம் ஒன்றைக் காட்டி விளக்குக.

இ. பிரித்து எழுதுக.

வேரூன்றி, பின்னிணைப்பு, முன்னிடம், எடுத்துக்காட்டு

ஈ. கணக்கிட்டுத் தமிழில் விளக்குக.

வெந்நீர்த் தொட்டிக் கணக்கில், குழாய் நீரின் வெப்பம் 60 பாகைக்குப் பதிலாக 50 பாகை எனக் கொள்க. அரை மணி நேரத்தில் எத்தனை வாளி நீர் வழிந்தோடும்? விடை ஏன் அவ்வாறு மாறியது என்று, கணக்கு அறியாத ஒருவருக்குப் புரியுமாறு ஐந்து தொடர்களில் எழுதுக.

உ. குழுச் செயல்பாடு

உங்கள் பள்ளியில் உணவு இடைவேளையின்போது குடிநீர்க் குழாய்களின் முன் வரிசை நிற்கிறதா? நால்வர் ஒரு குழுவாகச் சேர்க. ஒரு புட்டி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது, எத்தனை குழாய்கள் உள்ளன, எத்தனை பேர் வருகின்றனர், இடைவேளை எத்தனை நிமிடம் என்பவற்றை மூன்று நாள்கள் நேரில் அளந்து குறிக்க. இடைவேளை முடிவதற்குள் அனைவரும் நீர் பிடிக்க எத்தனை குழாய்கள் வேண்டும் என்று கணக்கிடுக. நீங்கள் கொண்ட எடுகோள்களையும், உங்கள் கணக்கு எந்நாளில் பொய்க்கக்கூடும் என்பதையும் சேர்த்து, பள்ளி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் தமிழில் எழுதுக. முதல்வருக்குத் தமிழ் தெரியாதெனில், அவர் அறிந்த மொழியில் அதனை மொழிபெயர்த்து இரண்டையும் இணைத்து அளிக்க.